ஈஸ்வரமூலிக்கு ஜாமீன்

அக்கா,

கடை வாசலில், வெயில் விழும் படியோரம், உங்கள் கையெழுத்தோடு ஒரு மண்சட்டி இருக்கிறது. நீல பெயிண்ட். பிரஷ்ஷைத் துடைக்காமல் எழுதுவது உங்கள் வழக்கம் என்பதால் எழுத்து கொஞ்சம் வழிந்திருக்கும். 'இசக்கி' என்று இருக்கிறது. இன்று காலை புடவை ஃபால்ஸ் வாங்க வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "இந்தச் செடி பேரு இசக்கியாக்கா? போன்ல பார்த்திருக்கேன். ரொம்ப ரேர் வெரைட்டியாமே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம். ஃபால்ஸை அளந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் யாரிடமாவது கொட்டாவிட்டால் இன்றைக்கு வியாபாரம் ஓடாது. கொட்டுவதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் விரிப்பில் வைத்துப் பட்டன் விற்ற நான், இந்தச் சந்துக்குள் சொந்தமாக ஷட்டர் போட்டுக் கடை திறந்திருந்த புதிது. பூசை மேடைத் துணிக்கு லேஸ் வேண்டும் என்று மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தீர்கள். லேஸைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் பார்த்தீர்கள். திருஷ்டிக்கு நான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஆகாச கருடன் கிழங்கு, மண்ணும் இல்லாமல் தண்ணியும் இல்லாமல் ஒரு பச்சைத் தளிர் விட்டிருந்தது.

"இது உயிரோட கீதும்மா. எறக்கு."

"திருஷ்டிக்குக் கட்டுனது. எறக்க மாட்டேன்."

"உன் கடை மேல படற கண்ண அது இன்னா பண்ணும்? யாராவது நம்மளக் காப்பாத்துவாங்களான்னு அதுவே பாத்துக்கினு கீது."

"லேஸ் வேணுமா வேண்டாமா?"

"எறக்கினா இங்க வாங்கறேன். இல்லாட்டி எதிர்க் கடை."

இறக்கிவிட்டேன். ஒரு கிழங்குக்காக ஒரு கோயில் கிராக்கியை எதிர்க் கடைக்கு அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா? நீங்கள் கிழங்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு லேஸுக்கும் பேரம் பேசினீர்கள். இவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அடுத்த மாதம் வந்து, "உன் கைதிய வந்து பாரு, கொடி ஏறிடுச்சு" என்று கூப்பிட்டபோது, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாந்தோமில் உங்கள் சந்து வீட்டுப் பின்பக்கத்தை முதலில் பார்த்தபோது குப்பைமேடு என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த தோட்டம் என்றால் குரோட்டன்ஸ், ரோஜா, வாசலில் ஒரு துளசி. உங்கள் இடத்தில் உதிர்ந்த இலை ஒன்றைக்கூட யாரும் பெருக்கியதாகத் தெரியவில்லை. உளுத்துப்போன முருங்கைத் தண்டு ஒன்று குறுக்கே கிடந்தது. கால் வைத்த இடத்தில் ஒரு தவளை குதித்தது. டெலிபோன் ஆபீஸில் உத்தியோகம் பார்த்த மனுஷி இப்படியா வைத்துக்கொள்வாள் என்று கேட்டேவிட்டேன்.

"பெருக்கினா சுத்தமா இருக்கும். சுத்தமா இருந்தா எவன் வருவான்?" என்றீர்கள்.

வந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த அரைமணியில் ஒரு செண்பகப் பறவை, ஒரு ஓணான், மதில்மேல் ஒரு கீரி. ஒவ்வொன்றையும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரிக் குறை சொல்லிக்கொண்டே அறிமுகம் செய்துவைத்தீர்கள். பிறகு செடிகள். வெள்ளைக் குன்றிமணி. பூத்தால் செத்த எலி மாதிரி நாறி ஈயைக் கூப்பிடும் கல்லிமுளையான். பெயர் தெரியாத, நீங்களே பெயர் தேடிக்கொண்டிருந்த ஏதேதோ. எல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் தோண்டி வந்து விற்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். உங்கள் முகம் கடுத்துவிட்டது.

"காட்டுல இருக்கறது காட்டோட சொத்து. நான் அங்க கை வெக்க மாட்டேன். புல்டோசர் வந்து நிக்குது பாரு, அந்த எடத்துல இருக்கறதுதான் என் பங்கு."

அப்படித்தான் அந்த ஈஸ்வரமூலி வந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பழைய பட்டறையை இடிக்கப் போகிறார்கள், வேலியில் ஏதோ கொடி இருக்கிறது என்று உங்களுக்குச் சேதி வந்தது. என் கடையைச் சாத்தச் சொல்லி என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். இடிக்கிறவன் பீடி குடித்து முடிப்பதற்குள் வேரோடு எடுத்தாக வேண்டும். நீங்கள் தோண்டினீர்கள், நான் அவனோடு பேச்சுக் கொடுத்தேன். பேசிப் பொழுதைக் கடத்துவது என் தொழில். கொடியை என் ஷிபான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கசக்கிய இலையிலிருந்து கற்பூரமும் கசப்பும் கலந்த ஒரு வாசனை. துணியிலிருந்து அது போகவே இல்லை.

அடுத்த மழைக்குள் மதில் முழுக்க ஏறிவிட்டது. காய் முற்றி வெடித்து, தலைகீழாகத் தொங்கும் குட்டிக் கூடைகளாக நின்றன. பிறகு ஒருநாள் நான் வந்தபோது கொடி மொட்டை. கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் சதை முள்ளும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையுமாக, விரல் நீளப் புழுக்கள் தண்டை மென்றுகொண்டிருந்தன. எனக்கு உடம்பு கூசியது.

"இவ்வளவு அலைஞ்சு கொண்டாந்தது இந்தப் புழுவுக்காக்கா?"

"பின்ன எனக்கா? நான் தின்னா ஆஸ்பத்திரிதான். ஆடு தொடாது, மாடு தொடாது, அத்தனை விஷம். இந்தப் புழு நாய்ங்க மட்டும்தான் தின்னும். தின்ன விஷத்த உடம்புல சேத்துக்கும். அப்பறம் ஒரு காக்கா கிட்ட வராது."

கொஞ்ச நாளில் கறுப்பு இறக்கையும் ரத்தச் சிவப்பு உடம்புமாக அவை பட்டாம்பூச்சிகளாகிப் பறந்தன. நொச்சிக்குப்பம் பக்கத்துக் காற்று தூக்கி எறிந்தும், திரும்பத் திரும்ப உங்கள் மதிலுக்கே வந்தன. கொடியும் மறுபடி தளிர்த்தது. இத்தனை பெரிய ஊரில் அவற்றுக்கு முட்டை வைக்க வேறு இடம் தெரியவில்லை என்றீர்கள்.

அப்போதுதான் உங்கள் ஜாமீன் சட்டத்தைச் சொன்னீர்கள். எந்த அரிய செடியானாலும் வேறு இரண்டு பேர் வீட்டில் அதன் நாற்று ஜாமீனாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரர் பெயரை உங்கள் சட்டியில் எழுதிவிடுவீர்கள். செடியின் பெயர் கிடையாது, ஆளின் பெயர்.

"செடிப் பேரு எனக்குத் தெரியும். நாளைக்கு நான் மண்டையப் போட்டா, யார் வீட்டுல போயிக் கேக்கணும்னு தெரியணுமில்ல."

நான் வியாபாரி. ஒரே கடையில் இருந்தால்தானே சரக்குக்கு மதிப்பு, ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் அது எப்படி அரிய செடி என்று வாதம் பண்ணினேன். "உன் குடோன் தீப்பிடிச்சா?" என்று ஒரே கேள்வி கேட்டீர்கள். மந்தைவெளியில் என் அடுக்குமாடியின் பக்கச் சந்தில் ஒரு நாற்றை ஊன்றினேன். இன்னொரு நாற்றைச் சட்டியில் வைத்து என் பெயரை எழுதினீர்கள். ஈஸ்வரமூலிக்கு இரண்டாவது ஜாமீன் கடைசிவரை அமையவில்லை. புழு வரும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லாரும் பின்வாங்கினார்கள்.

இனி நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன்.

உங்களை ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. நான் கூட்டத்தின் கடைசியில், சமையலறை வாசலோரம் நின்றிருந்தேன். பின்பக்கம் சட்டி உரசுகிற சத்தம் கேட்டது. ஓணானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஓணான் இல்லை அக்கா. உங்களிடம் நாற்றுக் கேட்டு வந்துபோகும் அந்தச் செடிக் குழு. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கத்தரிக்கோல், பக்கத்தில் கட்டைப்பை. வெட்டிய தண்டை ஈரச் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சட்டியையே தூக்கிக்கொண்டிருந்தார். உள்ளே "அருள் நிறைந்த மரியே" கேட்கிறது, வெளியே கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறது.

"என்ன பண்ணுதிய?" என்றேன். ஆத்திரம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"அக்காவே எடுத்துக்கச் சொல்லியிருந்தாங்க மேம்."

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நீங்கள் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர் என்பது அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று. சாவு வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் கத்தியிருக்க வேண்டும். நீங்களே பெட்டிக்குள்ளிருந்து, "இன்னா சத்தம் அங்க" என்று கேட்டிருப்பீர்கள். என் பெயர் எழுதிய சட்டியும் அன்றைக்குப் போனது. போகட்டும், என் சந்தில் கொடி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

உங்கள் அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, கையெழுத்துப் போட்டு, திரும்பிப் போனார். வீட்டை இடித்தார்கள். மதில் போனது, முருங்கைத் தண்டு போனது. கீரி எங்கே போனதோ. எத்தனையோ இடங்களில் புல்டோசருக்கு முன்னால் போய் நின்று செடி எடுத்தவர் நீங்கள், உங்கள் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. வர வேண்டியவர்கள் சாவன்றே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே.

பிறகு எங்கள் அடுக்குமாடிக்கு வெள்ளையடித்தார்கள். நான் கடையிலிருந்து திரும்புவதற்குள், சாரம் கட்டக் குழி பறித்தவர்கள் கொடியை வேரோடு வெட்டித் தெருவில் போட்டிருந்தார்கள். அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் என்னிடம், "களைதானே மேடம், புழு வேற. நல்லதாப் போச்சு" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதினால் நீங்கள் சிலுவை போட்டுக்கொள்வீர்கள். வெட்டிய தண்டுகளைப் பொறுக்கித் தண்ணீரில் வைத்தேன், மண்ணில் வைத்தேன். எல்லாம் கறுத்துப்போயின. நீங்கள் கொடுத்த ஒரே பொறுப்பு, இந்த ஊரில் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்த கடைசிக் கொடி, ஒரு பிற்பகலில் போய்விட்டது.

இப்படி நான் நொந்து கிடந்தபோதுதான், லேஸ் வாங்க வந்த ஒருத்தி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். உங்கள் சட்டி. நீல எழுத்து. கீழே: 'இசக்கி. மிக அரிய வகை. ஒரே ஒரு செடிதான் உள்ளது.' விலையும் போட்டிருந்தது.

விலாசம் தேடிப் போனேன். அடையாற்றில் நாலாவது மாடி. கதவைத் திறந்தவள், அன்று சட்டியைத் தூக்கிய அதே ஆள். அவளுக்கு என்னை நினைவில்லை. பால்கனியில் உங்கள் சட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் உங்கள் நீல எழுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு விலைச்சீட்டு. 'பிலோமினா' விற்பனைக்கு இருந்தாள். 'கறிக்கடை பாய்' என்று எழுதிய சட்டிக்குப் பக்கத்தில், 'வளர்ப்பது சுலபம்' என்று போட்டிருந்தது.

"இது 'இசக்கி' மேம். சாந்தோம்ல ஒரு பழைய பிளான்ட் கலெக்டர் உருவாக்குன வெரைட்டி. வேற எங்கயும் கிடைக்காது."

"யாரு சொன்னா?"

"சட்டியிலயே பேரு போட்டிருக்கே."

கைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். படித்தாள். சட்டியைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"ஓ. உங்க பேரும் அதுதானா?"

"என் பேரு மட்டும்தாம்மா அது. செடி ஈஸ்வரமூலி. இன்னொரு செடி யார் வீட்டுல இருக்குன்னு தெரியறதுக்காக அக்கா ஆளு பேர எழுதி வெப்பாங்க. அந்தக் கறிக்கடை பாய் அவங்க தெருமுனையில கடை வெச்சிருக்கவர்."

கொஞ்சமாவது கூசுவாள் என்று பார்த்தேன். அவளும் கெட்டிக்காரிதான்.

"அப்படின்னா உங்ககிட்ட ஒண்ணு இருக்கணுமே மேம். அப்பறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

எதிராளி சரக்குக்கு நாம் தவிக்கிறோம் என்று காட்டிக்கொண்டால் பேரம் முடிந்தது. எனக்குத் தெரியாத பாடமா அது? செத்த வீட்டில் திருடிய பொருளை, அதுவும் என் பெயர் எழுதிய பொருளை, சொன்ன விலை கொடுத்து வாங்கினேன். போகும்போது அவள் பெருமையாக, "இலையைப் பாருங்க, ஒரு ஓட்டை கிடையாது. வாரா வாரம் மருந்து அடிக்கிறேன்" என்றாள்.

அது நல்ல செய்தி இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் அதன் அர்த்தம் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. சட்டியை மந்தைவெளிக்குக் கொண்டுவந்து வைத்த கொஞ்ச நாளிலேயே ஒரு சிவப்புடம்புக்காரி எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டாள். தளிருக்கடியில் முட்டை வைத்தாள். நான் கடைக்குத் தாமதமாகப் போனேன், அவ்வளவு சந்தோஷம். முட்டை பொரிந்தது. நூல் மாதிரிப் புழுக்கள் இலையோரத்தைக் கொஞ்சம் கடித்தன. மறுநாள் எல்லாம் சுருண்டு சட்டி மண்ணில் கிடந்தன. ஓட்டையே இல்லாத அழகான இலை, அதைக் கடித்த வாயெல்லாம் செத்துப்போனது. அன்று நான் அழுதேன் அக்கா. உங்கள் சாவுக்கு அழுததைவிடக் கொஞ்சம் அதிகம் என்றால் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

எல்லா இலையையும் நானே உருவிப் போட்டேன். மண்ணை மாற்றினேன். வலை கட்டி, அவை வரும்போதெல்லாம் விரட்டினேன். உங்கள் விருந்தாளிகளை விரட்டுவதற்காக நான் காலையில் எழுந்து உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். மழை வந்து போய், புதுத் தளிர் வந்து, அதுவும் முற்றி, பூத்து, குட்டிக் கூடைகள் வெடித்த பிறகுதான் வலையை அவிழ்த்தேன். விதையெல்லாம் முளைக்கவில்லை. முளைத்தது போதும்.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு சரக்கின் விலையை உடைக்க வேண்டுமானால் அதைத் தெருவில் கொட்ட வேண்டும். பால் கவரில் நாற்றுப் போட்டு, கடை வாசலில் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். லேஸ் வாங்குகிறவர்களுக்கும் வாங்காமல் போகிறவர்களுக்கும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை. "புழு வரும். தின்னும். மருந்து அடிக்கக் கூடாது. இஷ்டம் இருந்தா எடுத்துக்கோங்க." பாதிப் பேர் கையை இழுத்துக்கொண்டார்கள். மீதிப் பேரில் எத்தனை பேர் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போனார்களோ. ஆனாலும் அடையாற்றிலிருந்து போன் வந்தது.

"மேம், நீங்க மார்க்கெட்டையே கெடுக்கறீங்க."

"மார்க்கெட் உங்களோடதா? நான் என் பேரைத்தான் சும்மா குடுத்துக்கிட்டிருக்கேன்."

கோபம் ஆறியதா என்று கேட்பீர்கள். ஆறவில்லை. பிலோமினாவையும் கறிக்கடை பாயையும் யார் வாங்கிப் போனார்களோ, எந்த பால்கனியில் மருந்தைக் குடித்துக்கொண்டு நிற்கிறார்களோ. வெள்ளையடித்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும். இந்தக் கோபம் இல்லாவிட்டால் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு ஞாபகம் இருக்காது.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி வந்தாள். நொச்சிக்குப்பம் பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருப்பவள், என்னிடம் நூல் வாங்குகிறவள். உள்ளே வரும்போதே சத்தம்.

"இன்னாக்கா செடி குடுத்த நீ? ஒரு எலை இல்ல, தண்டையும் கடிச்சிட்டுதுங்க. இன்னும் பாதி புழு வளரவே இல்ல. எங்க மாமியா, அதுங்க பசியோட கெடக்கும்போது எனக்குச் சோறு எறங்காதுன்னு உக்காந்துக்கினு கீது. இத்துனூண்டு செடிய நம்பி இத்தினி உயிரு வந்துடும்னு உனக்குத் தெரியாது? குடுக்கறவ ரெண்டா குடுக்க மாட்ட? மனசாட்சி இல்ல?"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நூல் கட்டை வைக்கும் பையை உதறி எடுத்து, இருந்த நாற்றையெல்லாம் அவளுக்கு அடுக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவள் ஓயவில்லை. சந்து முனை திரும்பும்வரை என்னைத் திட்டிக்கொண்டேதான் போனாள்.